காமாலைக்கு வந்த ஆப்பிள்

ஆப்பிளைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எங்கள் அரியலூர்ப் பக்கம் ஒருத்தர் படுத்துவிட்டார் என்று தெரிந்தால் போதும், சொந்தக்காரர்கள் கிலோக் கணக்கில் ஆப்பிளைத் தூக்கிக்கொண்டு படியேறிவிடுவார்கள். அதுவும் புரட்டாசி பிறந்து, சிம்லா ஆப்பிள் தள்ளுவண்டிக்கு வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். படுத்திருக்கிறவர் தின்பாரா மாட்டாரா என்று ஒருத்தரும் யோசிப்பதில்லை. வெறுங்கையோடு வரவில்லை என்று ஆகவேண்டும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் கலைச்செல்வனுக்கு மஞ்சள் காமாலை. சிமெண்ட் ஆலையில் லாரிக்கு எடை போடுகிற வேலை. எங்கேயோ கண்ட தண்ணீரைக் குடித்திருக்கிறார். பதினோரு நாளாகச் சோற்றைக் கண்டால் ஓங்கரிப்பு. ஆப்பிளை நறுக்கிக் கொடுத்தேன், ஒரு துண்டு கடித்ததும் வாந்தி. ஓட்ஸைக் கஞ்சியாகக் காய்ச்சினேன். "போஸ்டர் ஒட்டுற பசையாட்டம் இருக்கு" என்று வாளியில் துப்பினார். அந்த வாளியைக் கழுவுகிறவள் நான். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஏப்பம் விட்டாலே இறங்கிவிடலாமா என்று நினைக்கிற ஜென்மம் நான். என் தலையில் இப்படி எழுதியிருந்தது.

திங்கட்கிழமை டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஏதாச்சும் சாப்பிட்டு, அது வயித்துல நிக்கணும்மா. இல்லன்னா திருச்சிக்கு எழுதித் தர்றேன், அட்மிட் பண்ணிடுங்க. எண்ணெய், வெண்ணெய் மட்டும் கிட்டயே கொண்டு போவாதீங்க."

கேட்டதும் எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. காரணம் இருந்தது. என் நாத்தனார் சாந்தா தா.பழூரிலிருந்து ஒத்தாசைக்கு என்று வந்திருந்தாள். வந்ததும் வராததுமாகத் தம்பியின் கட்டிலில் உட்கார்ந்து, "எங்க எதுத்தவூட்டுக் கண்ணையனுக்கும் இதே காமாலதாண்டா. ஒரு வா திங்கமாட்டேன்னாரு. முந்தாநாளு தூக்கிட்டாங்க" என்று விலாவாரியாகச் சொன்னாள். இவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றைக்கே அவளைப் பஸ் ஏற்றி விட்டிருக்க வேண்டும்.

ஒத்தாசை என்றால், பார்க்க வருகிறவர்களிடம் பழப்பையை வாங்கி உள்ளே கொண்டுபோய் வைப்பது. மற்ற நேரம் செல்போன். பழம் எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. தின்கிறாள் போல, தின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை காலையில் துண்டு எடுக்கப் பீரோவைத் திறந்தேன். புளித்த கள் வாடை குப்பென்று அடித்தது. புடவைகளுக்கு அடியில் கையை விட்டால் விரல் எதற்குள்ளோ பொதக்கென்று இறங்கியது. இழுத்துப் பார்த்தால் அழுகிய ஆப்பிள். அதன் சாறு என் கல்யாணப் பட்டின் ஜரிகையில் ஒழுகிக் காய்ந்து, பொடி ஈக்கள் மொய்த்துக்கொண்டிருந்தன. உள்ளே வரிசையாக இன்னும் பத்திருபது. சோப்புப் போட்டு மூன்று முறை கை கழுவியும் அந்த வழுவழுப்பு விரலை விட்டுப் போகவில்லை.

"என்னண்ணி இது?"

"ஐயோ, அதுல கைய வைக்காத வேணி. சனிக்கெழம ஜெயங்கொண்டத்துல வேல்முருகன் சம்சாரத்தப் பாக்கப் போவணும். கர்ப்பப்பை ஆபரேசன் பண்ணியிருக்கு. அதுக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்."

"இவருக்குன்னு கொண்டாந்ததை அங்க கொண்டு போயிக் குடுப்பீங்களா?"

"இவன் எங்க திங்கறான்? ஊருல எல்லாரும் செய்யறதுதான், நீ என்னமோ புதுசா கேக்குற."

எல்லாரும் செய்கிறதுதானாம். கட்டிலுக்குக் கட்டில் ஊர்வலம் போகிற பழம். எந்த நோயாளியின் மூச்சுப் பட்டது, யார் வீட்டுப் பீரோவில் கிடந்தது, ஒன்றும் தெரியாது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. கூசியதோடு வீம்பும் வந்தது. அடியில் ஒரு தாம்பூலப் பை இருந்தது. அதில் வெள்ளை வலை மாட்டிய எட்டு ஆப்பிள், ஒரு பொட்டு அழுகல் இல்லாமல் பளபளவென்று. ஆறை எடுத்துக்கொண்டு பையை நாற்காலியில் போட்டேன். "அது வெளிநாட்டுப் பழம், வேணி!" என்று சாந்தா பின்னாலேயே அடுப்படிவரை வந்தாள். கதவைச் சாத்தினேன்.

பழத்தைத் தோல் சீவித் துருவி, துணியில் கட்டிப் பிழிந்தேன். ஈரம் இருந்தால் இவர் தொடமாட்டார். ஓட்ஸை வெறும் வாணலியில் மணக்க வறுத்து, பாதியைப் பொடித்து, பாதியை அப்படியே விட்டேன். ஒரு பிடி கோதுமை மாவு, நாட்டுச் சர்க்கரை, கொஞ்சம் பட்டைத்தூள். எண்ணெய், வெண்ணெய் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை. பிசைந்து, வில்லை வில்லையாகத் தட்டில் தட்டினேன். பழைய குக்கரில் கல்லுப்பைக் கொட்டிச் சூடேற்றி, விசிலைக் கழற்றிவிட்டுத் தட்டை உள்ளே இறக்கினேன். முதல் ஈடு அடி கருகிப்போனது. இரண்டாவது ஈட்டுக்குத் தீயைக் குறைத்து அரை மணி நேரம் விட்டேன். வெளியே மழை பிடித்துக்கொண்டது. அடுப்படியெல்லாம் பட்டையும் சர்க்கரையும் மணத்தது.

"வேணி, என்ன வாசன அது?"

உள்ளேயிருந்து அவர்தான். பதினோரு நாளில் முதல் தடவையாக ஒரு வாசனையை மூக்கைப் பொத்தாமல் விசாரிக்கிறார். ஓடினேன். ஒரு பிஸ்கட்டை உடைத்துப் பாதியைக் கொடுத்துவிட்டு, வாளியோடு பக்கத்தில் நின்றேன். மென்றார். விழுங்கினார். கால் மணி நேரம் நின்றிருப்பேன், ஒன்றும் வெளியே வரவில்லை. "மீதி?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. மதியத்துக்குள் மூன்று தின்றார். மூன்றும் உள்ளே நின்றது.

சாயங்காலம் விக்கிரமங்கலத்திலிருந்து அவருடைய தாய்மாமன் அரங்கநாதன் பார்க்க வந்தார். பெருமை தாங்காமல் அவருக்கும் ஒரு தட்டில் பிஸ்கட் வைத்தேன். அவர் கண் நாற்காலியில் கிடந்த தாம்பூலப் பைமேல் போயிற்று.

"நம்ம முத்தமிழ் கல்யாணத்துப் பையில்ல இது?" என்று எடுத்துப் பிரித்தார். மீதி இரண்டு பழம் இருந்தது. "அட, இது நான் திருச்சியில தா.பழூர்க் கண்ணையனுக்கு வாங்கியாந்த பழமாச்சே! எட்டு வாங்குனேன். பாவம், ஒரு துண்டு வாயில வைக்கல மனுசன். தூக்குற வரைக்கும் இந்தப் பை தலமாட்டுலயேதான் இருந்துச்சி."

நான் சாந்தாவைப் பார்த்தேன். அவள் மின்விசிறியைப் பார்த்தாள்.

மாமா பையையும் பிஸ்கட்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, தட்டைத் தொடாமலே கிளம்பினார். அவர் வாசலைத் தாண்டியதும் பின்பக்கம் ஓடிப்போய் வாந்தி எடுத்தேன். பதமா என்று பார்க்க நானும் ஒன்று தின்றிருந்தேனே.

"எழவு வூட்டுக்குப் போயிட்டு வந்தா தல முழுகாம உள்ள காலெடுத்து வைக்கமாட்டீங்க. செத்தவரு தலமாட்டுப் பழம் மட்டும் என் பீரோவுக்குள்ள வரலாமா?"

"கண்ணையன் சம்சாரம்தான், வீணாப் போவுது எடுத்துட்டுப் போன்னு குடுத்துச்சி. நான் ஒண்ணும் சும்மா கொண்டாரல. மஞ்சத்தண்ணி தெளிச்சிட்டுத்தான் கொண்டாந்தேன்."

மஞ்சள் தண்ணீராம்! இந்த மனுஷியோடு ஒரே வீட்டில் மூச்சு விடுவதே அருவருப்பாக இருந்தது. பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. பிஸ்கட் டப்பாவைத் தூக்கிக்கொண்டு குப்பைத்தொட்டிக்கு நடந்தேன்.

அறை வாசலில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு கை சுவரில். யாரும் பிடிக்காமல் எழுந்து வந்திருக்கிறார்.

"எங்க எடுத்துட்டுப் போற?"

"குப்பைக்கு. இது உங்களுக்கு வேணாங்க. இந்தப் பழம்..."

"கேட்டுச்சி" என்றார். "கண்ணையன் திங்கல. அதான் போயிட்டாரு. இங்க கொண்டா."

கையை நீட்டியபடியே நின்றார். நான் டப்பாவைக் கொடுத்தேன். கட்டிலில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து, யார் முகத்தையும் பார்க்காமல் நாலு பிஸ்கட் தின்றார். சவரம் செய்யாத தாடியில் தூள் ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கவும் எனக்குக் குமட்டியது.

"நாளைக்குக் காலைல டாக்டரப் பாக்கப் போறப்ப சாப்புட்டுட்டுப் போவணும்" என்றார். "இன்னும் இருக்கா?"

டப்பாவில் ஒன்றுதான் மிச்சம். நாற்காலிக்குப் போய், பையிலிருந்த இரண்டு பழத்தையும் எடுத்தேன். முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டு, துருவ உட்கார்ந்தேன்.