பழமலைக்கு மட்டும் கேட்ட ஙொய்ங்

காசு கொடுத்து வெளிச்சத்தை வாங்கி, அதைக் குறைக்க இன்னொரு காசு கொடுத்துக் குமிழும் வாங்குகிற வீடு உருப்படுமா என்று விளக்கு மாட்டிய முதல் நாளே பழமலை கேட்டார். மருமகள் பூர்ணிமா சிரித்தாள். கூடத்தில் ஃபால்ஸ் சீலிங் போட்டு ஆறு எல்.இ.டி. விளக்குகளைப் பதித்திருந்தார்கள். ஃபால்ஸ் என்றால் பொய்யாம். பேரிலேயே பொய் இருக்கிற ஒன்றைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு எப்படித் தூங்குவது? சுவரில் இருந்த குமிழைத் திருகினால் நிலா வெளிச்சம், இன்னும் திருகினால் கல்யாண மண்டபம்.

மூன்றாம் நாள் சாயங்காலம் அந்தச் சத்தம் கேட்டது. ஙொய்ங் என்று, மூடிய டப்பாவுக்குள் வண்டு மாட்டிக்கொண்ட மாதிரி.

"ஏம்மா பூர்ணிமா, மேல என்னமோ கத்துது."

அவள் டி.வி.யின் சத்தத்தை அமர்த்தினாள். குமிழை முழுசாகத் திருகி, பளீரென்று வெளிச்சத்தை வைத்து அண்ணாந்து பார்த்தாள். "ஒண்ணுமில்லியே மாமா."

"இப்பதான் நின்னுச்சு."

"பின்ன? ஒங்க மொகத்தப் பாத்ததும் பயந்து வாய மூடிக்கிச்சு" என்றாள் அடுப்படியிலிருந்து அவர் பெண்டாட்டி ஆராயி.

அடுத்த நாலு நாளும் இதே கூத்து. கடைசியில் விளக்கு மாட்டிய காத்தவராயனை வரச் சொன்னார். அவனும் வந்ததும் குமிழை முழுசாகத் திருகிவிட்டுத்தான் ஸ்டூலில் ஏறினான். ஒவ்வொரு விளக்கிலும் காதை வைத்தான்.

"வெளக்குல ஒண்ணுமில்ல பெரியப்பா. ஒங்க காதுதான் இரையுது. எங்க மாமனாருக்கும் இப்படித்தான், எந்நேரமும் ரயிலு ஓடுதும்பாரு."

"ஒங்க மாமனாரு வூடு ஜங்ஷன் பக்கத்துல இருக்குதுடா!"

வாயில் விட்டுக்கொடுக்கவில்லையே தவிர, பழமலை அன்று ராத்திரி முழுக்கக் காதைக் குடைந்துகொண்டு கிடந்தார். செராமிக் கம்பெனியில் அவர் பிழைப்பே காதுதான். சூளையிலிருந்து வருகிற பீங்கான் ஃபியூஸ்களைத் தட்டிப் பார்ப்பார். ணங் என்றால் தேறியது. தொத் என்றால் உள்ளே விரிசல், கழித்துவிடுவார். கண்ணுக்குத் தெரியாத விரிசலையும் காது பிடித்துவிடும். அந்தக் காதே இல்லாத சத்தத்தைக் கேட்கிறது என்றால்? ஒரு விரிசல் தப்பிப்போய் எவன் வீட்டிலாவது தீப்பிடித்தால்? பால்காரனையும் பேங்க்காரனையும் நம்பாதவர் அவர். இப்போது தன் காதையே நம்ப முடியவில்லை. திங்கட்கிழமை முதலாளியிடம் வேலையிலிருந்து நின்றுகொள்கிறேன் என்று சொல்லிவிட வேண்டியதுதான் என்று முடிவு கட்டினார்.

சனிக்கிழமை சாயங்காலம், சீரியல் நேரம். வழக்கம்போல் வெளிச்சத்தைக் குறைத்தார்கள். வழக்கம்போல் ஙொய்ங். அப்போதுதான் பழமலைக்கு உறைத்தது. பூர்ணிமாவும் காத்தவராயனும் வெளிச்சத்தைக் கூட்டிவிட்டுத்தானே காது கொடுக்கிறார்கள்! எழுந்துபோய்க் குமிழை மறைத்துச் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார்.

"டி.வி.ய மட்டும் அமத்து. இந்தப் பக்கம் ஒருத்தியும் வரப்படாது."

டி.வி. அடங்கியது. ஙொய்ங்.

"ஐயோ மாமா, ஆமா!" என்றாள் பூர்ணிமா.

ஆராயி ஈரக்கையோடு ஓடிவந்தாள். "அடி ஆத்தாடி, வண்டேதான்!"

பழமலை குமிழைக் கூட்டினார். சத்தம் நின்றது. குறைத்தார். வந்தது. "நான் கூட்டுனா வாய மூடி, கொறச்சா தொறக்கறதுக்கு வண்டு என்ன ஒன்னப்போல நான் கட்டிக்கிட்டு வந்ததா?"

"நான் எப்ப ஒங்க பேச்சுக்கு வாய மூடுனேன்?" என்றாள் ஆராயி.

மறுநாள் காலை காத்தவராயன் வெளிச்சத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டான். தலையைச் சொறிந்தான். மெயினை அமர்த்திவிட்டுக் குமிழைக் கழற்றினான்.

"பெரியப்பா... இது ஃபேனுக்குப் போடற ரெகுலேட்டரு. ரெண்டும் திருவுறதுதானேன்னு மாட்டிட்டேன். அதான் கொறச்சா வெளக்கு இரையுது."

"மாட்டுக்கும் நாலு காலு, கழுதைக்கும் நாலு காலு. போ, போய்க் கழுதையில பாலு கற."

அவன் கடைத்தெருவுக்கு ஓடி, எல்.இ.டி. வெளிச்சத்தைக் குறைக்க என்றே விற்கிற டிம்மரை வாங்கிவந்து மாட்டினான். அடிமட்டம் வரை குறைத்தான். "இப்ப கேக்குதா?"

"பல்லி கத்தறது கேக்குது. ஒன் வெளக்கு கேக்கல." பழமலை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு வாரமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. "எல்லாரும் கேட்டுக்குங்க. எங்காதுல ஒரு கொறையுமில்ல. நாளைக்கு வேலைக்குப் போறேன்."

"ரொம்ப சந்தோசம்" என்றாள் ஆராயி. "அப்ப நேத்து கிரைண்டர நிறுத்துங்கன்னு மூணு தடவ கத்துனனே, அது? எங்கண்ணன் வூட்டு வளகாப்புக்கு என்னிக்குப் போறதுன்னு கேட்டது? காது மந்தமான மனுசன்னு இல்ல பாவம் பாத்து வுட்டேன்!"

பூர்ணிமா வாயைப் பொத்திக்கொண்டு அடுப்படிக்கு ஓடினாள். காத்தவராயன் கழற்றிய ரெகுலேட்டரைப் பையில் போடப் போனான். பழமலை அவன் கையைப் பிடித்தார்.

"டேய், அது இங்கியே இருக்கட்டும். வச்சுட்டுப் போ. இவ அண்ணன் வூட்டுப் பேச்சு எடுக்கறப்ப மாட்டிக்கிட்டா, ஙொய்ங்ல ஒண்ணும் கேக்கலன்னுடலாம்."