மலைக்கும் வந்த ஷிப்ட்

எங்கள் வீட்டுக் கட்டிலுக்கு ஓய்வே கிடையாது. காலையில் நான் எழுந்ததும், பிரெட் ஃபாக்டரியில் ராத்திரியெல்லாம் அடுப்புப் பார்த்துவிட்டு வரும் என் வீட்டுக்காரர் அதே சூட்டில் படுத்துவிடுவார். ரத்தப் பரிசோதனை லேபில் வருகிறவர் போகிறவர் கையிலெல்லாம் ஊசி குத்திவிட்டு நான் திரும்பும்போது, அவர் செருப்பை மாட்டிக்கொண்டிருப்பார். கேஸ் தீர்ந்தது, பால் திரிந்தது என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சில்லை.

ராத்திரி வேலையை விடச் சொல்லி அவரிடம் கேட்டுவிட வேண்டும். வாசலில் நின்று கேட்கிற விஷயமா அது? இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல் லீவு அமைந்த நாளில், ஒரு மலைக்கிராமத்தில் ஒரு ராத்திரிக்கு அறை எடுத்தேன்.

பஸ்ஸில் ஏறியதிலிருந்து தூங்கினார். வளைவுக்கு வளைவு அவர் தலை என் தோளில் வந்து விழுந்தது. பாவம், தூங்கட்டும் என்று விட்டதில் என் தோள்தான் மரத்துப்போனது.

இருட்டியதும் சாப்பிட்டோம். இப்போது கேட்கலாம் என்று கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது. விடியுமுன் எழுந்து பழகிய உடம்பு, வயிறு நிறைந்ததும் சாய்ந்துவிட்டது.

விழித்தால் பளீரென்று வெளிச்சம். அவரைக் காணோம். பதறிப்போய் வெளியே ஓடினேன். அறை வாடகைக்கு விட்ட அம்மா சிரித்தார். தூக்கம் வராமல் என் வீட்டுக்காரர் ராத்திரி முழுக்க முற்றத்தில் நடந்தாராம். விடியற்காலையில் அந்த அம்மாவுக்கு அடுப்பைக்கூட மூட்டிக் கொடுத்தாராம். நல்ல மனுஷன் என்று பாராட்டு வேறு. நான் அறைக்குத் திரும்புவதற்குள் அந்த நல்ல மனுஷன் நான் எழுந்த இடத்தில் படுத்துக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். இவ்வளவு தூரம் மலையேறி, ஷிப்டையும் கையோடு கூட்டி வந்திருக்கிறோம். அழுகை அழுகையாக வந்தது.

பஸ்ஸுக்கு நேரமானதும் உலுக்கினேன். ஒத்திகை பார்த்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை.

"ராத்திரி வேலைய விட்டுடுங்களேன்."

அவர் கண்ணைத் திறக்கவில்லை. மறுபடி தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன்.

"போன வருஷமே பகல் ஷிப்ட் தரேன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வருஷமாகவா இதை மூடி வைத்திருந்தார்?

"ஏன்?"

"நாள் பூரா உன்கூட இருந்தா என்ன பேசுறது? எனக்கு மறந்தே போச்சு. பயமா இருந்துச்சு."

திட்டத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அதே பயம் எனக்கும் இருந்தது. நேற்று அவர் தூங்கியதும் பஸ்ஸில் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"எனக்கும் தெரியலங்க. தெரியாமலே ரெண்டு பேரும் உட்கார்ந்திருப்போம். போய்ப் பகல் ஷிப்ட் கேளுங்க."

அவர் கண்ணைத் திறந்தார். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. எழுந்து உட்கார்ந்து, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்றார்.