ஹார்ட் டிஸ்க் மாற்றும் முறையும் என் மாமியாரும்

1.

இதைக் கதையாக எழுத நான் உட்காரவில்லை. அலுவலக வாட்ஸ்அப் குழுவில் இரண்டு மூன்று பேர் கேட்டார்கள் என்பதால், டிவி ரெக்கார்டர் பெட்டியில் ஹார்ட் டிஸ்க் மாற்றுவது எப்படி என்று ஒரு குறிப்பு எழுதத் தொடங்கினேன். முதல் வரி: 'பெட்டியின் பிளக்கைப் பிடுங்கவும்.' இரண்டாவது வரி: 'மேல்மூடியின் திருகுகளைக் கழற்றி ஒரு கிண்ணத்தில் போட்டு வைக்கவும்.' மூன்றாவது வரி: 'ஞாயிற்றுக்கிழமை மாமி வருவதற்குள் வேலையை முடித்துவிட வேண்டும்.'

அங்கே பேனா நின்றது. (பேனா இல்லை, போன். ஆனால் போன் நின்றது என்று எழுதினால் சார்ஜ் தீர்ந்ததாக நினைப்பீர்கள்.) செய்முறைக் குறிப்புக்குள் மாமியார் வரக் கூடாது என்று எங்கும் சட்டம் இல்லை. வந்துவிட்டால் அது குறிப்பாக இருப்பதில்லை, அவ்வளவுதான்.

2.

தொடக்கங்கள். முயன்று விட்டவை:

'அல்ஷிஃபா இறந்த பிறகு எங்கள் வீட்டில் மிச்சம் இருந்த ஒரே'

'உறையூரில், மாடியில் ஒரு வீடு. அதில் ஆரிஃப் என்று ஒருவன், வயது முப்பத்திரண்டு, அவனுக்கு'

'என் மனைவிக்கு டிவி பார்ப்பதைவிட டிவியில் வருவதைப் பிடித்து வைப்பதில்தான்'

மூன்றாவது பரவாயில்லை. ஆனாலும் மேலே போகவில்லை. என் மனைவி அல்ஷிஃபா வரும் வாக்கியங்கள் பாதியில் நிற்கின்றன. திருத்தப் பார்த்தேன். வராததால் அப்படியே விட்டிருக்கிறேன். போன நோன்புக்கு முன்னால் அவள் மௌத்தானாள். காய்ச்சல், ஆஸ்பத்திரி. உங்களுக்குத் தெரிய வேண்டியது அவ்வளவுதான். எனக்கு எழுத வருவதும் அவ்வளவுதான்.

கதை சோகமானது என்று இதை வைத்து முடிவு செய்துவிடாதீர்கள். மாமி இன்னும் வரவில்லை.

3.

முதலில் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். தினமும் மாலை ஆறரைக்கு ஒரு தொடர். ஏறக்குறைய அதே நேரத்தில் மஃரிப் தொழுகை. மாமி, அதாவது அல்ஷிஃபாவின் அம்மா, தென்னூர் சாரா பீவி, தொழுகையை விட மாட்டார், தொடரையும் விட மாட்டார். அதனால் அல்ஷிஃபா எங்கள் பெட்டியில் அது தினமும் தானாகப் பதிவாகும்படி வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை மாமி டவுன் பஸ் ஏறி வருவார். வாரம் முழுக்கப் பதிவானது ஒரே மூச்சில் ஓடும்.

இதில் எனக்கு வேலை கிடையாது. எங்கள் குடும்ப வழக்கத்தில் மாமியார் மருமகனிடம் நேராகப் பேசுவதில்லை. நடுவில் ஒரு ஆள் வேண்டும். நான் மூன்றடி தள்ளிச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்.

"அல்ஷிஃபா, அவங்களுக்கு ரசம் வேணுமான்னு கேளு."

"உங்களுக்கு ரசம் வேணுமான்னு அம்மா கேக்குறாங்க."

"நான் கேக்கலயே."

"கேக்கலயாம்மா."

"கேக்காட்டி என்ன, ஊத்து."

அல்ஷிஃபா போன பிறகு நடுவில் ஆள் இல்லை. மாமி சில ஞாயிறுகள் வரவில்லை. பிறகு ஒரு ஞாயிறு டிபன் கேரியரோடு வந்து நின்றார். என்ன பேசுவது என்று தெரியாமல் டிவியைப் போட்டேன். பெட்டி யாரையும் கேட்காமல் தன்பாட்டுக்குத் தொடரைப் பதிவு செய்துகொண்டே இருந்திருக்கிறது. கதாநாயகன் நவநீதன்* வந்தான். வீட்டுக்குள்ளும் கோட் போட்டுத் திரிகிறவன். மாமி திரையைப் பார்த்துக் கேட்டார்:

"ஏண்டா நவநீதா, தலைக்கு எண்ணெ வச்சு எத்தன நாளாச்சு? தேங்கா நாராட்டம் இருக்கு."

நவநீதனின் தலை படிய வாரி மினுமினுத்துக்கொண்டிருந்தது. நான் என் தலையைத் தடவிப் பார்த்தேன்.

அன்று முதல் எங்களுக்குள் பேச்சுவார்த்தை உண்டு. "காலைல இட்லியாச்சும் திங்கிறியாடா, இல்ல டீயக் குடிச்சிட்டு ஆபீசுக்கு ஓடிர்றியா?" என்பார் மாமி. நான் நவநீதனின் அம்மாவாக வரும் நடிகையிடம், "தின்னுட்டுத்தாம்மா போறான், கவலப்படாதீங்க" என்பேன். "மூஞ்சியப் பாத்தா தின்ன மூஞ்சியாத் தெரியல" என்று நவநீதனுக்குப் பதில் வரும்.

ரிமோட் எப்போதும் மாமி கையில். சில காட்சிகளை "இது போரு" என்று ஓட்டிவிடுவார். ஆஸ்பத்திரிக் காட்சி என்றால், நவநீதன் காரில் ஏறும்போதே ஓட்டம் தொடங்கிவிடும். மாமிக்கு நல்ல உள்ளுணர்வு என்று நினைத்துக்கொண்டேன்.

தொடரில் நவநீதனின் மனைவி அருவியில் விழுந்துவிட்டாள். உடல் கிடைக்கவில்லை. தொடரில் உடல் கிடைக்காவிட்டால் என்ன பொருள் என்று எல்லோருக்கும் தெரியும். அதைப் பற்றி மட்டும் மாமியும் நானும் நவநீதனிடம் பேசியதில்லை.

* பெயரை மாற்றியிருக்கிறேன். தொடரின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பார்க்கிறவர்களுக்குக் கோட்டை வைத்தே தெரிந்துவிடும்.

4.

ஒரு நாள் திரையில் 'இடமில்லை' என்று வந்தது. டிஸ்க் நிறைந்துவிட்டது. இனிப் பதிவாகாது. பதிவாகாவிட்டால் மாமிக்கு வர வேலை இல்லை. வந்தாலும் நடுவில் நவநீதன் இல்லை. நவநீதன் இல்லாமல் எங்களுக்குப் பேசத் தெரியாது. இந்தக் கதையின் சிக்கல் இதுதான். பெரிதாக எதிர்பார்த்தவர்கள் மன்னிக்கவும்.

பழையதை அழித்தால் இடம் கிடைக்குமே என்று கேட்பீர்கள்.

கிடைக்கும்.

(பழையது எல்லாம் அல்ஷிஃபா இந்தச் சோபாவில் உட்கார்ந்து பார்த்து, 'இருக்கட்டும்' என்று அழிக்காமல் விட்ட)

அடுத்த பகுதிக்குப் போகலாம்.

5.

சடகோபன் என்னோடு வேலை பார்க்கிறவன். ஸ்ரீரங்கத்தில் கீழச் சித்திரை வீதியில் வீடு. அவன் அம்மா டிவியில் வரும் உற்சவங்களை ஒன்று விடாமல் பதிவு செய்கிறவர் என்பதால் அவன் வீட்டில் ஏற்கெனவே ஒரு பெட்டிக்கு டிஸ்க் மாற்றியாகிவிட்டது. சனிக்கிழமை மதியம் பெட்டியை ஒரு துணிப்பையில் வைத்து வண்டியில் மாட்டிக்கொண்டு பாலம் தாண்டிப் போனேன். பையில் புதிதாக வாங்கிய இரண்டு டெராபைட் டிஸ்க்கும் இருந்தது.

"இது என்ன பிரம்ம வித்தையா?" என்றான் சடகோபன். "பழசுல இருக்கறத அப்படியே புதுசுக்குக் காப்பி பண்ணணும். புதுச உள்ள வச்சு மூடணும். நாலு மணி நேரம்."

"பெட்டி ஒத்துக்குமா?"

"ஒத்துண்டா சந்தோஷம். ஒத்துக்கலன்னா அழிச்சுட்டு முதல்லேர்ந்து ஆரம்பிக்கட்டுமான்னு கேக்கும். அப்பப் பாத்துக்கலாம். ஆனா ஒண்ணு, திசை மாறக் கூடாது."

"என்ன திசை?"

"காலி டிஸ்க்க நெறஞ்சது மேல காப்பி பண்ணிட்டா தீந்தது. ரெண்டும் காலி."

இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு, ஒரே நிறம். மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. சடகோபன் எழுந்து பூஜையறைக்குப் போய் நாமம் போடும் ஸ்ரீசூர்ணம் எடுத்து வந்து பழைய டிஸ்க்கின் மேல் சிவப்பாக ஒரு கோடு இழுத்தான்.

"டேய், ராவுத்தர் வீட்டு டிஸ்க்குடா."

"காப்பி முடியற வரைக்கும் எங்காத்து விருந்தாளி. அப்பறம் தொடச்சுக்கோ."

"எங்க மாமிக்கு நாமத்தப் போட்டுடாத, அது போதும்."

"உங்க மாமிக்குப் போட எனக்கு தைரியம் இருக்கா?" என்றபடி கம்ப்யூட்டரில் பட்டனை அழுத்தினான்.

[கதை நன்றாக வர வேண்டுமானால் இந்த இடத்தில் திசை மாறியிருக்க வேண்டும். ஒரு பிரதியில் மாற்றியும் பார்த்தேன். எல்லாம் அழிந்தது. நான் காவிரிப் பாலத்தில் வண்டியை நிறுத்தி ஆற்றைப் பார்த்தபடி நின்றேன். நான்கு பக்கம் நின்றேன். படித்துப் பார்த்தபோது எனக்கே கால் வலித்தது. நான்கு பக்கத்தையும் அழித்துவிட்டேன். பாருங்கள், கதை என்றால் அழிக்க முடிகிறது.]

திசை சரியாகத்தான் இருந்தது. நேரம்தான் சரியாக இல்லை. பழைய டிஸ்க் தேய்ந்துபோயிருந்ததால் தயங்கித் தயங்கிப் படித்தது. மீதி நேரம் நான்கு மணி என்று காட்டியது ஒன்பது ஆனது, பிறகு இருபது ஆனது. மீதி நேரம் கூடிக்கொண்டே போவதை அன்றுதான் பார்த்தேன்.

"இங்கயே இருக்கட்டும். முடிஞ்சதும் பெட்டில போட்டுப் பாத்துட்டு போன் பண்றேன்" என்றான்.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைடா."

"அதுக்கு நான் என்ன பண்ணட்டும், அடுத்தது திங்கள்னு சொல்லட்டுமா?"

6.

செய்முறைக் குறிப்புக்கும் கதைக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. குறிப்பு, எது கெட்டுப்போகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடும். கதை, கெட்டுப்போன பிறகு வந்து பக்கத்தில் உட்காரும். எனக்கு அன்று காலை தேவைப்பட்டது குறிப்பு. 'மாமியை வர வேண்டாம் என்று சொல்வது எப்படி?' போனை எடுத்து எடுத்து வைத்தேன். மாமியோடு நான் போனில் பேசியதே இல்லை. நவநீதனுக்கு நம்பர் கிடையாது.

மாமி வந்தார்.

(முதல் பிரதியில் டிவிக்குக் கீழே பெட்டி இல்லாத இடத்தைப் பார்த்ததும் மாமியை அழவைத்தேன். அது மாமியாகவே இல்லை. மாமிக்கு அழுகை வந்தால் பஸ் ஏறித் தென்னூருக்குப் போய் அழுதுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வருவார்.)

உட்கார்ந்தார். நானும் என் மூன்றடியில் உட்கார்ந்தேன். ஓடாத டிவியின் கறுப்புத் திரையில் இரண்டு பேரும் தெரிந்தோம். மாமி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"ஏன் இந்தக் கத்து கத்துற? ஒழுங்கா இருக்கியா இல்லியா?"

மின்விசிறி பதில் சொல்லவில்லை. மாமி ஃபிரிட்ஜுக்குத் திரும்பினார். "நெய்ச்சோறு ஆறிப்போயிட்டிருக்கு, யாருக்காச்சும் அக்கறை இருக்கா?" என்று அதனிடம் கேட்டார். ஃபிரிட்ஜ் சும்மா உறுமியது. சுவர்க் கடிகாரத்தை ஒரு தடவை யோசித்துப் பார்த்தார். அதுவும் சரிப்படாது என்று தோன்றியிருக்க வேண்டும். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"பெட்டி எங்க மாப்புள?"

"ஸ்ரீரங்கத்துல மாமி."

"அதுக்கு அங்க என்ன வேல?"

"டிஸ்க் நெறஞ்சிருச்சு மாமி. பெருசா மாத்துறோம். இந்த வாரத்துக் கதைய இன்னைக்குப் பாக்க முடியாது."

"நல்லவேள."

"ஏன் மாமி?"

"அருவில விழுந்தவ வந்துட்டா. வியாழக்கெழமையே வந்து வாசல்ல நிக்கிறா, புது மூஞ்சிய வச்சிக்கிட்டு. அதப் போயி நீங்க உக்காந்து…"

மாமி நிறுத்திவிட்டார். வாக்கியத்தைப் பாதியில் விடுவது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேன்.

"வியாழக்கெழமைக் கதை உங்களுக்கு எப்படி மாமி தெரியும்?"

மாமி மறுபடி மின்விசிறியைப் பார்த்தார். அது உதவிக்கு வரவில்லை.

"இன்ஷா போன்ல போட்டுக் குடுத்திருக்கா." இன்ஷா அவருடைய சின்ன மகள். "தொழுதுட்டு வந்து அதுல பாப்பேன்."

"தெனமுமா?"

"பின்ன? முன்னாடியே பாத்தாத்தானே எத ஓட்டணும்னு தெரியும்?"

நவநீதன் காரில் ஏறுவது நினைவுக்கு வந்தது. ஒவ்வொரு 'போரு'ம் நினைவுக்கு வந்தது. நான் மாமிக்காகத் தொடரைக் காப்பாற்றிக்கொண்டிருந்தேன். மாமி எனக்காக அதை இரண்டு தடவை பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தொடரை. இரண்டு தடவை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாகவே வந்தது. எனக்கே புதிதாக இருந்தது.

"சிரிக்காதீங்க. அந்தக் கோட்டுக்காரன வாரா வாரம் ரெண்டு தரம் பாக்குறது லேசான வேலயா? நீங்க பாருங்க, தெரியும்" என்று முறைத்தார். முறைப்பு நிற்கவில்லை. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு அவரும் சிரித்தார்.

7.

தட்டு வைத்தோம். நெய்ச்சோறு, தால்ச்சா. மாமி இத்தனை நாள் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் சாப்பிடுவார். அன்று எதிரிலேயே உட்கார்ந்தார். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுக் கேட்டார். நேராக என்னிடம்தான்.

"இனி என்ன சாக்கு சொல்லிட்டு நான் வர்றது மாப்புள?"

இதற்கு என் பதில் பல பிரதிகள் கண்டது.

ஒன்று: 'எப்பவும் போல வாங்க மாமி.' துணிக்கடை விளம்பரம் மாதிரி இருக்கிறது.

இன்னொன்று: 'இது உங்க மக வீடு.' இது சரியான வரி. எழுத முடிகிறது, சொல்ல வரவில்லை.

நான் சொன்னது இது:

"ரெண்டு டெராபைட் வாங்கியிருக்கேன் மாமி."

"அது எத்தன நாளைக்குக் காணும்?"

"நம்ம ரெண்டு பேரும் கெழமாகுற வரைக்கும்."

"நான் இப்பவே கெழம்தான்."

"அப்ப நான் ஆகுற வரைக்கும்."

(கணக்குப் போட்டால் ஆறேழு வருஷம்தான் வரும். நான் மாமியிடம் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.)

மாமி கரண்டியை எடுத்து என் தட்டில் சோறு வைத்தார். போதும் என்றேன். இன்னொரு கரண்டி வைத்தார்.

அப்போது போன் அடித்தது. சடகோபன்.

"எடுங்க மாப்புள."

"கை எச்சில் மாமி."

"எனக்கும்தான்."

காப்பி முடிந்திருக்கும். பெட்டி புது டிஸ்க்கை ஏற்றுக்கொண்டு, எல்லாம் இருந்த இடத்தில் இருந்தபடியே வந்திருக்கலாம். அல்லது, அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கட்டுமா என்று கேட்டுக்கொண்டு நிற்கலாம். சடகோபன் ஒரு விரலை ரிமோட்டில் வைத்துக்கொண்டு எங்கள் பதிலுக்காகக் காத்திருக்கலாம்.

போன் அங்கே ஜன்னல் ஓரத்தில் அடித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் கை சுத்தமாகத்தான் இருக்கும். நீங்களே எடுத்து அவனுக்கு ஒரு பதில் சொல்லிவிடுங்கள். என்ன சொன்னீர்கள் என்று எங்களிடம் அப்புறம் மெதுவாகச் சொன்னால் போதும். தால்ச்சாவில் இன்னும் இரண்டு துண்டு கறி இருக்கிறது, அதை யார் சாப்பிடுவது என்று மாமியும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம்.