ஆறு பேருக்குப் பத்தாம் இலக்கம்

ஹனாவ் நகரத்தில் ஒரு பையனின் முழங்கால் மூன்று யூரோ ஐம்பது சதம். இரண்டையும் சேர்த்துக் கொண்டுவந்தால் ஆறு யூரோ. பேர்பெச்சுவாவின் தையல் கடைக் கண்ணாடியில் ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் அப்படித்தான் எழுதி ஒட்டியிருந்தது. பெற்றவளைக் கேட்டால் பிள்ளையின் முழங்காலுக்கு விலையே இல்லை என்பாள். அந்த முழங்காலின் மேல் கிழிந்த துணிக்கு ஒட்டுப்போட ஐம்பது சதம் குறைக்கச் சொல்லிக் கால்மணி நேரம் நிற்பவளும் அவளேதான்.

கடை அமெரிக்கப் படைமுகாமின் வாசலுக்கு எதிரே இருந்தது. பிராங்பேர்ட்டிலிருந்து எஸ்-பான் ரயிலில் அரைமணி நேரம். தொண்ணூற்று மூன்றில் அவள் அதைத் திறந்தபோது, எதிரே இருக்கும் ஆயிரம் வீடுகளிலும் பையன்கள் இருப்பார்கள், பையன்கள் இருந்தால் காற்சட்டை கிழியும் என்று கணக்குப் போட்டாள். கணக்குப் பிழைபோகவில்லை. மன்னார்க் கன்னியர் மடத்தில் பழகிய கைத்தையல் அமெரிக்கத் தாய்மாருக்குப் பிடித்துப்போயிற்று. அவளுடைய பெயர்தான் அவர்கள் வாயில் நுழையவில்லை. காட்டு மிருகங்களுக்கு முன்னால் அசையாமல் நின்ற வேதசாட்சிப் புனிதையின் பெயர் இரண்டே வருடத்தில் தேய்ந்து 'மிஸ் பெப்பர்' ஆனது. மிருகங்களுக்குத் தப்பினாலும் மிளகாக மாறாமல் தப்ப முடியவில்லையே என்று அவள் தனக்குள் சிரித்துக்கொண்டாள்.

அந்த நாட்களில் ஓர் அமெரிக்கப் பையன் நல்ல வயல் மாதிரி. ஜீன்ஸ் முழங்காலில் கிழியும். கோயிலுக்குப் போகும் காற்சட்டையின் மடிப்பை வருடத்துக்கு இரண்டு தரம் இறக்க வேண்டும். பாஸ்காத் திருநாளுக்குக் கோட்டு, கோட்டின் கையை நீட்டப் பிறகு இன்னொரு தரம். இழுத்துப் பூட்டும் சிப்பு பிடுங்கும், பொத்தான் தெறிக்கும். ஒவ்வொருவனின் அளவையும் அவள் நீல மட்டைக் கொப்பியில் பக்கம் பக்கமாக எழுதிவைத்தாள்: பெயர், தேதி, தோள், மார்பு, இடுப்பு, கால். ஆறு வயதில் வந்தவன் பதினான்கு வயதுவரை தவணை தவறாமல் வருவான்.

பிறகு சாக்கர் வந்தது. உலகம் முழுக்க உதைபந்து என்று சொல்லும் ஆட்டத்தை அமெரிக்கர்கள் அப்படித்தான் சொன்னார்கள். தலையில் அடிபடாத ஆட்டமென்று தாய்மாருக்கு அது பிடித்துப்போய், முகாமுக்குள் பத்துப் பதினொரு சிறுவர் அணிகள் முளைத்துவிட்டன. ஆடுவதோடு நின்றிருந்தால் பேர்பெச்சுவாவுக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆட்டம் முடிந்தும் பையன்கள் உடுப்பைக் கழற்றவில்லை. வழுக்குகிற நைலோன் அரைக்காற்சட்டை, முழங்கால்வரை காலுறை, பிளாஸ்டிக் செருப்பு. அதோடேயே பள்ளிக்கூடம், அதோடேயே பல் வைத்தியர், அதோடேயே ஞாயிறு பூசை. நன்மை அப்பம் வாங்க வந்த ஒருவனின் காலில் பந்தடிக்கக் கட்டும் பிளாஸ்டிக் முன்கால் காப்பைக் கண்டு பாதிரியாரே ஒருமுறை தயங்கி நின்றார்.

அந்தக் காற்சட்டைக்குச் சிப்பு இல்லை, பொத்தான் இல்லை, மடிப்பும் இல்லை. இடுப்பில் இலாஸ்டிக். இரண்டு அங்குலம் வளர்ந்தாலும் அது இழுபட்டுக் கொடுக்கும். முழங்காலோ வெறும் தோல். விழுந்தால் தோல் கிழியும்; தன்னைத் தானே தைத்துக்கொள்ளும்; கூலி கேட்காது.

இரண்டாயிரத்து ஐந்தாம் ஆண்டு ஏப்ரலில், கண்ணாடியில் ஒட்டிய விலைப்பட்டியல் வெயிலில் மஞ்சளாகிக் கிடந்தது. அதைப் புதிதாக எழுதவும் அவளுக்கு அலுப்பு. அந்த வாரம்தான் வீட்டுக்காரர் ஹெர் போடேயின் கடிதம் வந்தது. மாத முடிவுக்குள் இன்னும் ஐந்து வருடத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டும். இல்லாவிட்டால் இடம் கைத்தொலைபேசிக் கடைக்காரனுக்கு.

"விட்டுத் தள்ளும்," என்றான் யாகோப்பு. அவளுடைய கணவன், விமான நிலையத்தில் பெட்டி தூக்குகிறவன். "எங்கட இடத்தில சாப்பாட்டுத் தட்டு அடுக்க ஆள் கேக்கினம். மாதம் முடியச் சம்பளம் வரும்."

"பன்ரண்டு வருசமா என்ர கதிரையில நான் இருக்கிறன். இனி ஆரோ விசில் ஊத நான் தட்டு அடுக்கவோ?"

"கதிரை சோறு போடுமே?"

அவள் ஊசியில் நூல் கோத்தாள். முதுகு வலித்தது. கதிரையால் வந்த வலிதான். ஆனாலும் அது அவளுடைய கதிரை.

மறுநாள் முகாமிலிருந்து மிசிஸ் கார்வர் வந்தாள். மகன் வெஸ்லியின் முதல் பாஸ்காக் கோட்டைத் தைத்தவள் பேர்பெச்சுவாதான். இப்போது அவனுக்குப் பத்து வயது, கோட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவனுடைய அணிக்கு அமெரிக்காவிலிருந்து வரவேண்டிய சட்டைகள் கப்பலில் எங்கோ தொலைந்துவிட்டன. பதினான்கு நீலச் சட்டை, முதுகில் வெள்ளை இலக்கம். அடுத்த சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம்.

"இது நன்றாக வந்தால் எல்லா அணிகளின் சட்டைகளையும் உங்களிடமே கொடுக்கச் சொல்கிறேன், மிஸ் பெப்பர். பதினொரு அணி, வருடத்துக்கு இரண்டு தரம்." ஒரு தாளை நீட்டினாள். "உங்களுக்கு வேண்டியதெல்லாம் இதில் இருக்கிறது."

பதினொரு அணி, இரண்டு தரம். மிசிஸ் கார்வர் கதவைச் சாத்துமுன்பே பேர்பெச்சுவா மனதுக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

மாலையில் யாகோப்பு தாளை வாங்கிப் பார்த்தான். பதினான்கு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஓர் இலக்கம். அவன் மன்னாரில் இடது பக்கம் ஓடி ஆடியவன். கதிரையில் சாய்ந்து சிரிக்கத் தொடங்கினான்.

"இஞ்சாரும், இதைப் பாரும். ஆறு பேருக்குப் பத்தாம் இலக்கம்!"

"அதுக்கென்ன?"

"பத்தாம் இலக்கம் எண்டா அணிக்கு ஒருத்தன். ஆட்டத்தின்ர மூளை. இவங்களுக்கு ஆறு மூளை. எட்டு மூண்டு பேருக்கு, பன்ரண்டு நாலு பேருக்கு. பதினாலு மட்டும் பாவம், தனிய நிக்குது."

"பிழையா இருக்குமோ? ஒருக்காக் கேட்டுப் பாக்கட்டே?"

"கேட்டா உமக்கு விளையாட்டுத் தெரியாது எண்டு நினைப்பாள். பந்தைக் கையில தூக்கிக்கொண்டு ஓடிப்போட்டு அதைத்தான் ஃபுட்போல் எண்டு சொல்லுற சனம். அவையளிட்ட என்னத்தைக் கேக்கிறது?"

கேட்டிருக்கலாம். ஆனால் நல்ல தையல் ஓடர் கையில் இருக்கும்போது தெரியாதவளாகத் தோன்ற எந்தக் கடைக்காரிக்குத்தான் மனம் வரும்? தாளில் அளவு இல்லையே என்பதும் அவளுக்கு உறுத்தவில்லை. என்னிடம் கொப்பி இருப்பது அவளுக்குத் தெரியும், அதனால்தான் எழுதவில்லை என்று கொஞ்சம் பெருமையும் பட்டாள். ஜெர்மனியில் பிள்ளைகளின் உடுப்புக்கு உயரம்தான் அளவு: நூற்று நாற்பது, நூற்று ஐம்பத்திரண்டு. எட்டும் பத்தும் பன்னிரண்டும் ஓர் அளவாக இருக்கக்கூடும் என்று அந்த ஊரில் உடுப்பு வாங்கிப் பழகிய எவருக்குத் தோன்றும்?

நீலக் கொப்பியைத் திறந்தாள். பதினான்கு பேரில் பன்னிரண்டு பேர் அதில் இருந்தார்கள். கடைசித் தேதி எல்லோருக்கும் இரண்டு மூன்று வருடம் பழசு. இலாஸ்டிக்குக்கு மாறியபிறகு ஒருவனும் வரவில்லை. வருடத்துக்கு இரண்டு அங்குலம் கூட்டினாள். தகப்பன் நெட்டையனாக இருந்தால் இன்னும் அரை அங்குலம். கொப்பியில் இல்லாத இரண்டு பேரையும் முகாம் வாசலில் போகும்போது ஜன்னலால் பார்த்துக் கண்ணாலேயே அளந்தாள். ஒரு வாரம் தைத்தாள். ஃபெல்ற் என்ற வெள்ளைக் கம்பளித் துணியில் இலக்கங்களை வெட்டி முதுகில் வைத்துத் தைத்து முடித்தபோது முதுகு அவளுடையதாகவே இல்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மிசிஸ் கார்வர் வெஸ்லியோடு வந்தாள். முதல் சட்டையைப் பார்த்துச் சிரித்தாள். இரண்டாவதைப் பார்த்தாள். மூன்றாவதைப் பார்த்தபோது சிரிப்பு நின்றது.

"ஏன் எல்லாம் பத்து?"

"நீங்கள் எழுதினீர்களே."

"அது சைஸ், மிஸ் பெப்பர்!" அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். "பத்து வயதுப் பையனுக்குச் சைஸ் பத்து. இலக்கம் ஒன்றிலிருந்து பதினான்குவரை போடுவீர்கள் என்று நினைத்தேன். எல்லோரும் அப்படித்தானே போடுவார்கள்? ஒரே இலக்கத்தில் இரண்டு பேர் இறங்க நடுவர் விடமாட்டார்."

வெஸ்லி அதற்குள் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தான். தோளில் தையல் தோளிலேயே நின்றது. கை நீளம் சரி. கழுத்துச் சரி. தாய் அவனை ஒருமுறை சுற்றிப் பார்த்தாள்.

"அளவே தெரியாமல் இதை எப்படித் தைத்தீர்கள்?"

பேர்பெச்சுவா கொப்பியைக் காட்டினாள். அலுப்பாக இருந்தது. பதினொரு அணியும் கதவால் வெளியேறிப் போய்க்கொண்டிருந்தன. புது ஃபெல்ற் துணி வாங்க பிராங்பேர்ட்டுக்குப் போக வேண்டும். போய் வந்து தைக்க நேரமில்லை.

பின்கதவால் யாகோப்பு உள்ளே வந்தான். இரவு வேலை முடித்த கண். விஷயத்தைக் கேட்டுத் தலையைச் சொறிந்தான்.

"மூளை ஆறு எண்டு சிரிச்சீங்கள்," என்றாள் அவள். "உங்களுக்கு ஒண்டாவது இருந்திருக்கலாம்."

"ஓம், சொல்லும், சொல்லும்." அவன் சட்டைகளை மேசையில் சீட்டுக்கட்டு மாதிரி விரித்தான். "துணி வாங்கத் தேவையில்லை. எட்டு, பத்து, பன்ரண்டு, பதினாலு, ஒவ்வொண்டு அப்பிடியே கிடக்கட்டும். மிச்சம் பத்துச் சட்டையையும் பிரியும். இலக்கத்தை உடைச்சு மாத்திப் போடுவம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். பழைய கோட்டின் துணியில் புதுக் கோட்டுக்குக் கை போட்டவளுக்கு இது ஏன் தோன்றாமல் போயிற்று என்று கோபம்தான் முதலில் வந்தது.

சவர அலகை அவன் எடுத்தான், தையல் பிரிக்கும் ஊசியை அவள் எடுத்தாள். மிசிஸ் கார்வரும் உட்கார்ந்து நூலைப் பிடுங்கினாள். மேசையில் வெள்ளை இலக்கங்கள் குவிந்தன: இரண்டு எட்டு, எட்டு ஒன்று, ஐந்து சைபர், மூன்று இரண்டு.

"ஒண்டு. ரெண்டு. பதினொண்டு," யாகோப்பு அடுக்கினான். "பதினெட்டு. இருவது. இருவத்தொண்டு. எண்பது."

"எண்பதோ? சின்னப் பெடியன்."

"வளருவான்."

"சைபர்?"

"அதுவும் இலக்கம்தான்."

வெஸ்லிக்குத் தமிழ் விளங்காது. மேசையில் தனித்துக் கிடந்த இரண்டு சைபர் விளங்கியது. இரட்டைச் சைபர் தனக்கு வேண்டும் என்று துள்ளினான். கடைசிச் சட்டைக்கு மூன்று ஒன்றுகள்தான் மிச்சம். நூற்றுப் பதினொன்று என்று யாகோப்பு தொடங்கும்போதே பேர்பெச்சுவா ஓர் ஒன்றைக் குறுக்கே படுக்கவைத்தாள், இன்னொன்றை அதன் கீழே சரித்து வைத்தாள். ஏழு.

"விசர்தான் உமக்கு," என்றான் அவன். குரலில் மரியாதை இருந்தது.

இரண்டரைக்குப் பதினான்கும் முடிந்தது. பழைய தையலின் ஊசித் துளைகள் கிட்டே போய்ப் பார்த்தால் தெரியும். ஓடுகிறவனின் முதுகைக் கிட்டே போய்ப் பார்ப்பவர் யார்? மிசிஸ் கார்வர் பேசிய கூலியைக் குறைக்காமல் கொடுத்தாள். பிறகு கதவருகில் நின்றாள்.

"இலையுதிர்காலத்துக்கு எல்லா அணியும் உங்களுடையதுதான். அடுத்த வசந்தத்துக்கும் வரலாம். அதற்குப் பிறகு..." எதிரே இருந்த முகாமைப் பார்த்தாள். "எங்களைத் திருப்பி அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகும். உங்களிடம் மறைக்க மனமில்லை."

அவர்கள் போனபிறகு பேர்பெச்சுவா வீட்டுக்காரருக்குத் தொலைபேசி எடுத்தாள். ஐந்து வருடம் ஏலாது, ஒரு வருடம் என்றாள். அவர் நான்கு என்றார். அவள் ஒன்று என்றாள். மூன்று என்றார். கைத்தொலைபேசிக் கடைக்காரன் முகாம் செய்தியை இன்னும் கேள்விப்படவில்லை போலும் என்றாள் அவள். மறுமுனையில் தாள் புரளும் சத்தம் கேட்டது. பிறகு, மாதம் இருபது யூரோ கூட்டித் தந்தால் ஒன்று என்றார். பத்து என்றாள். சரி என்றார்.

"ஒரு வருசத்துக்குப் பிறகு?" யாகோப்பு கேட்டான்.

"பிறகு உங்கட சாப்பாட்டுத் தட்டு எங்கயும் ஓடிப்போகாது."

நீலக் கொப்பியில் புதுப் பக்கம் திருப்பினாள். மேசையில் மிஞ்சிக் கிடந்த வெள்ளை ஒன்றை அதன் மூலையில் குண்டூசியால் குத்திவிட்டு எழுதினாள்:

பெடியள் பதினான்கு. முதுகு பதினான்கு. இலக்கம் பதினான்கு. முழங்கால், இந்த மாதம், இல்லை. கையில் மிச்சம் ஒன்று.