பச்சைக் கட்டடம்

எர்டூ விரலால் லேசாகத்தான் அழுத்தினாள். சுவர் உள்ளே போனது. பூச்சு உதிர்ந்து, அதற்குப் பின்னாலிருந்த சிமெண்டுக் கல்லும் ஈர மாவு போல நெகிழ்ந்து இடம் கொடுத்தது. பதறிப்போய் விரலை இழுத்துக்கொண்டாள். துளையிலிருந்து மணல் வழிந்தது. நிற்கும் நிற்கும் என்று பார்த்தால் வழிந்துகொண்டே இருந்தது. வெளியே கொடிக்கம்பத்தைச் சுற்றிப் பிள்ளைகள் பாடிக்கொண்டிருந்தார்கள். தன் கைக்குட்டையைச் சுருட்டித் துளையில் அடைக்கலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகு அந்த நினைப்பே அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெளியே வந்து கதவைச் சாத்திப் பூட்டினாள்.

பள்ளிக்கு இந்தப் புதுக் கட்டடத்தைக் கட்டி முடித்து ஒரு மழைக்காலம்கூடப் போகவில்லை. வடக்கிலிருந்து புழுதிக் காற்று அடிக்கும் மாதங்களில் லாரிகள் வந்தன, மணல் வந்தது, சிமெண்ட் வருவதை யாரும் அதிகம் பார்க்கவில்லை. மூன்று வகுப்பறைகள், பச்சைப் பெயிண்ட், வாசலில் உள்ளாட்சித் தலைவரின் சிரித்த முகம் போட்ட பலகை. ஊரே வந்து சுற்றிப் பார்த்தது. முதல் மழை பெய்த மறுநாள், பிள்ளைகள் இடைவேளைக்கு அகாரா என்னும் பயறு வடை வாங்கித் தின்ன ஓடியிருந்த நேரத்தில், மேற்கூரைக்கு அடியிலிருந்த ஒரு பெரிய காரைக்கட்டி பெயர்ந்து முன் பெஞ்சில் விழுந்தது. பெஞ்சு இரண்டாகப் பிளந்தது. அன்றிலிருந்து தலைமையாசிரியை எர்டூ வகுப்புகளை மாமரத்தடிக்கும் தேவாலயக் கொட்டகைக்கும் மாற்றிவிட்டாள். கட்டடம் பூட்டிக் கிடந்தது. ஆனால் ஒவ்வொரு காலையும் அவள் தனியாக உள்ளே போய்ப் பார்த்தாள். விரிசல் ஜன்னல் மூலையில் தொடங்கி விட்டத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. நோயாளியைப் பார்த்துவிட்டு வருவது போல அவள் பேசாமல் வெளியே வருவாள்.

கல்வி அலுவலகத்துக்கு அவள் நேரிலேயே போனாள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர் என்று பெயரெடுத்தவர். அவள் சொல்லி முடிப்பதற்குள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். மேசை மேலிருந்த ரேடியோவைச் சத்தமாக வைத்தார்.

"டீச்சர், அதக் கட்டுனது யாருன்னு தெரிஞ்சுதான் வந்தீங்களா?"

"ஓர்குமா சார்தான்."

"ஓர்குமா யாரோட மச்சான்?"

உள்ளாட்சித் தலைவரின் மனைவிக்குத் தம்பி. ஊரில் நடக்கப் பழகிய குழந்தைக்கும் தெரியும். 

"அப்ப நீங்க இங்க வரவே இல்ல. நானும் உங்களப் பாக்கல. எனக்கும் பிள்ளைங்க இருக்கு டீச்சர்." அவர் குரலில் கோபமில்லை. கெஞ்சல்தான் இருந்தது. அது அவளை அதிகமாகப் பயமுறுத்தியது.

மறுநாள் காலை மாமரத்தடியில் அவள் கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது ஓர்குமாவின் வெள்ளை ஜீப் மைதானத்துக்குள் மெதுவாக நுழைந்தது. மூடிய கதவுக்குள், ரேடியோச் சத்தத்துக்கு நடுவே பேசியது, ஓர் இரவுக்குள் போய்ச் சேர்ந்துவிட்டது. அவள் கையிலிருந்த சாக்குக்கட்டி உடைந்தது. ஓர்குமா ஒல்லியான, அமைதியான ஆள். கஞ்சி போட்டு விறைத்த வெள்ளை உடுப்பு. கூடவே ஒரு பெட்டி மால்ட் பானமும் ரொட்டியும் இறக்கினான். பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு சிறுமியின் தலையைத் தடவிக்கொடுத்துவிட்டு எர்டூவிடம் வந்தான்.

"நானும் இந்த ஸ்கூல்ல படிச்சவன்தான் டீச்சரம்மா. அப்ப ஓலைக் கொட்டகை. மழ வந்தா நாங்க பலகையத் தலையில வெச்சிக்கிட்டு நிப்போம்."

"தெரியும் ஐயா."

"நாளைக்கு, வியாழக்கெழம, மாநிலக் கல்வி கமிஷனர் வர்றாரு, திறந்து வைக்க. டிவிக்காரங்களும் வர்றாங்க. பிள்ளைங்க சுத்தமா யூனிபார்ம் போட்டு, கிளாஸ் நெறைய உக்காந்திருக்கணும். இந்த மரத்தடியெல்லாம் கண்ணுல படக்கூடாது."

"ஐயா, அந்தச் சுவரு..."

"சுவருக்கு இன்னைக்கு ஆள் வந்து பூசிருவாங்க, கதவத் தொறந்து விடுங்க. அதுக்கப்புறம் திரும்பப் போய்ப் பாருங்க." சிரித்தான். பிறகு, ஏதோ ஞாபகம் வந்தவன் போல, "உங்க பொண்ணு ஆத்துக்கு அந்தப் பக்கம் காலேஜ்லதான படிக்குது? நல்ல பிள்ள. நம்ம பசங்க அடிக்கடி பாக்குறாங்களாம். சாயங்காலம் ஹாஸ்டலுக்குத் தனியா நடந்து போகுதாம். பாத்துப் போகச் சொல்லுங்க" என்றான்.

ஜீப் போன பிறகும் எர்டூவால் உட்கார முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. ஒரு பையன், "டீச்சர், பதினாறுக்கு அப்புறம் என்ன?" என்று கேட்டான். அவள் உடைந்த கட்டியைப் பொறுக்கி, பலகையில் மறுபடி ஒன்றிலிருந்து எழுதினாள்.

அன்று சாயங்காலம் அவள் கணவன் டெர்சூ பட்டறையிலிருந்து கிரீஸ் கையோடு வந்து எல்லாவற்றையும் கேட்டான். முற்றத்து அடுப்பில் கிழங்கு வெந்துகொண்டிருந்தது. அவன் வெகுநேரம் தண்ணீர் ஊற்றிக் கையைக் கழுவிக்கொண்டே இருந்தான்.

"அரை மணி நேரந்தானே எர்டூ. வருவான், ரிப்பன் வெட்டுவான், போட்டோ எடுப்பான், போயிருவான். ரெண்டு மாசம் நின்ன சுவரு அரை மணி நேரம் நிக்காதா?"

"நிக்கலாம்."

"அப்புறம் என்ன?"

"நிக்கலாம்னுதான் சொல்றேன். நிக்கும்னு உன்னால சொல்ல முடியுமா?"

 கிழங்கை உரலில் போட்டு அவனே இடிக்கத் தொடங்கினான். வழக்கமாக அவன் செய்யாத வேலை. உலக்கை விழும் ஒவ்வொரு தடவையும் எர்டூவின் தோள் தூக்கிப் போட்டது. அவள் எழுந்து கொல்லைப்பக்கம் போய் மகள் கிவாஷேவுக்குப் போன் செய்தாள். முதலில் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டாள். பிறகு, "நாளைக்குக் காலையில மொத பஸ்ஸப் புடிச்சு ஜோஸுக்குப் போயிரு, சித்தி வீட்டுக்கு" என்றாள்.

"அடுத்த வாரம் பரீட்சைம்மா!"

"பரீட்சை அடுத்த வருசமும் வரும்."

"என்னம்மா ஆச்சு? பயமுறுத்தாத."

"ஒண்ணும் ஆகல. ஆகக்கூடாதுன்னுதான். யார்கிட்டயும் சொல்லாம போ. கூட்டமா இருக்கிற பஸ்ஸா பாத்து ஏறு."

பிள்ளைகளைப் பரீட்சைக்கு அனுப்புங்கள் என்று வீடு வீடாக ஏறி இறங்கிச் சொன்ன வாயால் இதைச் சொன்னாள். போனை வைத்த பிறகு மழை பிடித்துக்கொண்டது. தகரக்கூரையில் அது பேயாக இரைந்தது. அந்தச் சுவர் இப்போது தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கும் என்று நினைத்தாள். அதன் பிறகு வேறு எதையும் நினைக்க முடியவில்லை.

வியாழக்கிழமை வானம் கறுத்தே இருந்தது. மைதானத்தில் பந்தல்கள், பிளாஸ்டிக் நாற்காலிகள், முரசுக்காரர்கள், கூட்டுப் பிரார்த்தனைக்குப் பாதிரியார். பெற்றோர்கள் நல்ல துணி கட்டி வந்திருந்தார்கள். விரிசல் இருந்த சுவருக்கு மேல் கமிஷனரை வரவேற்கும் பெரிய துணி விளம்பரம் கட்டப்பட்டிருந்தது. காற்று அடிக்கும்போது அது உப்பியது, மறுபடி சுவரோடு ஒட்டிக்கொண்டது. ஓர்குமா கை நீட்டினான். எர்டூ சாவியைக் கொடுத்துவிட்டாள். கொடுக்காமலிருக்கும் தைரியம் அவளுக்கு வரவில்லை. மகள் ஜோஸுக்குப் போய்ச் சேர்ந்தாளா என்று இன்னும் செய்தி வரவில்லை.

கார்கள் வரிசையாக வந்தன. கமிஷனர் இறங்கினார், கனத்த உடம்பு, நல்ல சிரிப்பு. முரசு முழங்கியது. "உள்ள அனுப்புங்க, உள்ள அனுப்புங்க" என்று ஓர்குமா பல்லுக்கிடையில் சொன்னான். சின்ன வகுப்புப் பிள்ளைகள் தோளில் கைவைத்து ரயில் போல வரிசையாக நின்றிருந்தார்கள். முன்னால் நின்றவன் காஷிமனாவின் மகன். சந்தையில் மிளகாய் விற்கும் காஷிமனா பந்தலிலிருந்து அவனைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டிருந்தாள்.

எர்டூ பிள்ளைகளுக்கு முன்னால் அறைக்குள் போனாள். புதுப் பூச்சு வாசனை. பெஞ்சுகளைத் துடைத்து வைத்திருந்தார்கள். முரசுச் சத்தம் உள்ளே வந்து மோதியது, ஒவ்வோர் அடிக்கும் விட்டத்திலிருந்து ஒரு பொடி இறங்கியது. மெல்லிய, சர்க்கரை கொட்டுவது போன்ற சத்தம்.  ஓடி வெளியே வந்து வாசலில் நின்றாள். பையன் முதல் படியில் கால் வைத்திருந்தான். அவள் கையை நீட்டி அவனைத் தடுத்தாள். என்ன சொல்லப் போகிறாள் என்று அவளுக்கே தெரியாது. வாயிலிருந்து வந்தது மரியாதைதான்.

"ஐயா," என்றாள் கமிஷனரைப் பார்த்து.  "பெரியவங்க நிக்கிறப்ப பிள்ளைங்க உக்காரக் கூடாதுன்னு நாங்க சொல்லிக் குடுத்திருக்கோம். மொதல்ல கட்டுனவரு உள்ள வந்து உக்காரணும். அப்புறம் பிள்ளைங்க அவரச் சுத்தி உக்காருவாங்க."

கூட்டம் கைதட்டியது. நல்ல பேச்சு என்று யாரோ சொன்னார்கள். கமிஷனருக்கும் பிடித்துவிட்டது.

"டீச்சர் சொல்றது சரி. ஓர்குமா, போய் உக்காரு. நல்ல படம் கிடைக்கும்."

"நீங்க இருக்கிறப்ப நான் எப்பிடி ஐயா..."

"போப்பா. உன் கட்டடம்."

ஓர்குமா படி வரை வந்தான். சிரித்துக்கொண்டேதான் வந்தான். வாசல்படியில் நின்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து, "செருப்பெல்லாம் சேறு, புது தரை" என்றான். யாரோ சிரித்தார்கள். "கழட்டிட்டுப் போங்க" என்று இன்னொருவர் சத்தம் கொடுத்தார். அவன் கழற்றவில்லை. முரசுக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு அடிப்பதை நிறுத்தினார்கள்.

அந்த அமைதியில் காஷிமனா, "ஏன் அவரு உள்ள போகமாட்டேங்கிறாரு?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்தவளிடம் கேட்பது போலத்தான் கேட்டாள். எல்லோருக்கும் கேட்டது. யாரும் பதில் சொல்லாததால் அவள் எழுந்து, பந்தலைத் தாண்டி வந்து, மகனின் கையைப் பிடித்துப் படியிலிருந்து இறக்கிக் கூட்டிக்கொண்டு போனாள். பிறகு இன்னொரு தாய் வந்தாள். பிறகு ஒரு தகப்பன். சத்தமே இல்லை. ரயில் பெட்டி பெட்டியாகக் கழன்றது.

கமிஷனர் படியிலிருந்து ஓர் அடி பின்னால் வந்தார். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. ரிப்பனை வெளியிலிருந்தே வெட்டினார். திறந்த கதவு பின்னால் தெரியும்படி போட்டோ எடுத்தார்கள். கல்வியே நாட்டின் எதிர்காலம் என்று பந்தலில் நின்று பேசிவிட்டு, மழை வரும் போலிருக்கிறது என்று சொல்லிப் புறப்பட்டார்.

ஓர்குமா கடைசியாகப் போனான். எர்டூவின் அருகில் வந்தபோது நின்று, "நல்லா இருங்க டீச்சரம்மா" என்றான். மிகவும் மெதுவாக, ஒரு வீட்டில் விருந்துண்டு விடைபெறுபவன் போல.

மகளிடமிருந்து அழைப்பு வர இருட்டிவிட்டது. ஜோஸில் இருக்கிறாள். அவள் அழுதுகொண்டே பேசினாள், பரீட்சைக்காக. எர்டூவும் அழுதாள். டெர்சூ அன்றைக்கு முன்கதவை உள்ளிருந்து பெஞ்சு வைத்து அடைத்தான். பொழுது விடியும்வரை ரோட்டில் போன ஒவ்வொரு வண்டியும் அவர்கள் வீட்டுக்கே வருவது போலிருந்தது.

வாரத் தொடக்கத்தில் மாற்றல் வந்தது. படகில் ஏறித்தான் போகவேண்டிய ஊர். கல்வி அதிகாரி போனில் சொல்லும்போது ரேடியோ பின்னால் இரைந்துகொண்டிருந்தது. "என்னால முடிஞ்சது இவ்வளவுதான் டீச்சர். அவங்க கேட்டது வேற" என்றார். வேறு என்ன என்று அவள் கேட்கவில்லை. புதிதாக வருபவர் ஓர்குமாவுக்கு வேண்டியவர், அவர் வரும் அன்றைக்கே கட்டடத்தில் வகுப்பு தொடங்கும் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள்.

தன் சாமான்களை எடுக்க அவள் வாடகை மோட்டார் சைக்கிளில் பள்ளிக்கு வந்தாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. மைதானத்தின் திருப்பத்திலேயே ஓட்டுபவனின் தோளைத் தட்டி நிறுத்தச் சொன்னாள்.

பச்சைக் கட்டடத்துக்கு முன்னால், அது விழுந்தாலும் எட்டாத தூரம் விட்டு, பிள்ளைகள் யாரும் வாசலுக்குப் போக முடியாதபடி, பெண்கள் பாய் விரித்து வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காஷிமனா நடுவில் இருந்தாள். எல்லோர் மடியிலும் முறம், முறத்தில் பூசணி விதை. உடைத்துப் பருப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளைகள் அவர்களுக்குப் பின்னால், மாமரத்தடியில், புத்தகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நின்றிருந்தார்கள். புதுத் தலைமையாசிரியர் குடையோடு ஓரத்தில் நின்று யாருக்கோ போன் செய்துகொண்டிருந்தார்.

எர்டூவைக் கடந்து, சேற்றுத் தண்ணீரை அவள் பாவாடையில் வாரி அடித்தபடி, வெள்ளை ஜீப் மைதானத்துக்குள் திரும்பியது. பின்னாலேயே இன்னொன்றும். பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. ஜீப் பாயின் விளிம்பு வரை வந்து நின்றது, என்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. எர்டூ வண்டியிலிருந்து இறங்கினாள். விதைகள் உடையும் சத்தம் மழையில் படபடவென்று கேட்டுக்கொண்டே இருந்தது.