சோங்ஹுவாவை உடைத்த ரொட்டி

"இன்னைக்குக் காலையில என் ரொட்டி சோங்ஹுவா ஆத்தை உடைச்சிருச்சு" என்றார் குவான் யூஹாய், நீச்சல் ஜட்டியோடு அடுப்பருகே நின்று முதுகைத் துவட்டிக்கொண்டே.

பலகைக் குடிசைக்குள் இருந்த கிழப் பட்டாளம் மொத்தமும் சிரித்த சிரிப்பில் கூரையில் தொங்கிய பனிக்குச்சிகள் இரண்டு உதிர்ந்தன. குவானைக் கேட்டால் இருநூறு என்பார்.

ஜனவரி மாதத்து ஹார்பினில் புத்தியுள்ளவர்கள் வீட்டுக்குள் வெந்நீர்க் குழாயைக் கட்டிக்கொண்டு கிடப்பார்கள். இன்னும் புத்தியுள்ளவர்கள் தெற்கே ஹைனான் தீவுக்கு ஓடிவிடுவார்கள். ஓய்வூதியம் மட்டும் இருந்து புத்தி இல்லாதவர்கள், உறைந்த ஆற்றில் ஒரு குளம் வெட்டி அதற்குள் குதிப்பார்கள். குதித்துவிட்டு நடுங்கிக்கொண்டே ஓடி வந்து உட்கார, கரையில் இந்தக் குடிசை, நடுவில் இரும்படுப்பு.

அடுப்புக்கு இடப்புறம் நிங் ஷூலான் டீச்சரின் இடம். முப்பது வருஷம் இயற்பியல் நடத்தியவர். அவர் வகுப்பில் பெஞ்சுகள்கூட நிமிர்ந்து உட்காரும் என்று பேச்சு. அவருக்கு அடுத்த இடம் குவானுடையது. அது சும்மா கிடைத்ததில்லை. மூன்று குளிர்காலத்துக்கு முன்னால், நகர வெப்ப நிலையத்தில் கொதிகலன் பார்த்து ஓய்வு பெற்ற கையோடு வந்து சேர்ந்தபோது, குவானுக்குக் கதவோரம்தான் கிடைத்தது. ஒருவர் மகளோடு ஹைனான் போனார். ஒருவருக்கு மூட்டு போயிற்று. ஒருவர் மனைவி தடை போட்டார். சதுரங்கக் காய் மாதிரி ஒவ்வொரு கட்டமாக நகர்ந்து டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அன்று, குவான் வீட்டுக்குப் போய்த் தனியாக ஒரு பாட்டில் பீர் குடித்துக் கொண்டாடினார்.

அந்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து. பேருந்து நிறுத்தத்தில் நின்ற புலிக்கு இடம் கொடுத்தது, ஆற்று மீன் ரஷ்ய மொழியில் தும்மியது என்று குவான் அளந்த அளப்பில், போன வாரம் இந்த நீச்சல் கூட்டத்தின் கேப்டன் ஃபாங் தீர்ப்பு எழுதிவிட்டார்: "இன்னும் ஒரே ஒரு பொய். அப்புறம் வசந்தம் வர்ற வரைக்கும் கதவோரம்தான் உங்களுக்கு." சைபீரியக் காற்று டிக்கெட் எடுக்காமல் நேரே உள்ளே வரும் இடம் அது.

"கடப்பாரை என் வீட்ல இருக்கு. நான் வர்றதுக்குள்ள குளத்து மேல உறைஞ்சிருந்த ஐஸை யாரு உடைச்சதுன்னுதான் கேட்டேன். மரியாதையா பதில் சொல்லுங்க" என்றார் கேப்டன்.

"ரொட்டிதான் கேப்டன். லியேபா, அந்தப் பெரிய ரஷ்ய ரொட்டி. கரைச் சறுக்கல்ல வழுக்கிப் போய் இடிச்சிருச்சு."

"சரிண்ணே, அந்த ரொட்டி எங்க?" என்று கண்ணைச் சிமிட்டினான் குண்டன் லுவோ. எல்லாரும் சிவப்புத் தொத்திறைச்சியும் வெள்ளரி ஊறுகாயும் கொண்டுவந்திருக்க, ரொட்டி முறை அன்றைக்குக் குவானுடையது.

"ஐஸுக்கு அடியில போயிருச்சு. ஆத்தோட போய் எல்லை தாண்டிரும். ரஷ்யாக்காரி பெத்த பொண்ணு, பொறந்த வீட்டுக்குப் போகுது."

மறுபடி சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. தேநீரில் பழப்பாகைக் கலக்கிக்கொண்டிருந்தார், அது கரையாத பொருள் மாதிரி.

நடந்தது இதுதான். டீச்சர் சீக்கிரம் வருவார் என்பதால் குவான் அதைவிடச் சீக்கிரம் வருவார். ராத்திரி முழுக்க வீட்டு பால்கனியில் கிடந்த ரொட்டி, துணிப்பையில் தூங்கும் குழந்தை கனம் கனத்தது. அம்மிக்கல்லுக்கு அண்ணன் போல இறுகியிருந்தது. கரை மேட்டில் பிள்ளைகள் சறுக்குவதற்காகத் தண்ணீர் ஊற்றி உறையவைத்த சறுக்குப் பாதை, நேரே ஆற்றுக்குள் இறங்கும். அதன் உச்சியில் பனியில் வழுக்காமலிருக்க டீச்சர் காலணியில் மாட்டியிருந்த முள்பட்டை கழன்றது. உட்கார இடமில்லை. குவான் பையைக் கீழே வைத்து, "உக்காருங்க டீச்சர், நாற்காலியை விட உறுதி" என்றார்.

டீச்சர் உட்கார்ந்தார். பட்டையை மாட்ட இரண்டு காலையும் தூக்கினார். ரொட்டி கிளம்பிவிட்டது.

அவர் கத்தவில்லை. முதுகை நிமிர்த்தி, கைப்பையை மடியில் வைத்து, ரயிலில் சன்னலோர இருக்கை கிடைத்தவர் போலப் போனார். போன வேகத்தில் வெங்காயக் கோபுர மாதா கோவில் புறாக்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டன என்பது குவான் கணக்கு. குளத்து விளிம்பில் குவித்திருந்த பனியில் டீச்சர் தலைகுப்புறப் புதைந்து நின்றுவிட்டார். ரொட்டி நிற்கவில்லை. ஒரு சுற்று சுற்றி, குளத்து மேல் போய் இடித்தது. பீரங்கிச் சத்தம். ஐஸ் நாலாபுறமும் பிளந்தது.

குவான் பாதி ஓடியும் பாதி உருண்டும் போய்ச் சேர்ந்தபோது, டீச்சர் பனிக்குள் உட்கார்ந்து விக்கி விக்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவர் சிரித்து ஹார்பினில் பார்த்தவர் கிடையாது. பிறகு கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். சிரிப்பு நின்றது.

"என் பேரு வெளியில வரக்கூடாது."

"என் வாயிலருந்தா? வராது டீச்சர்."

"ஜம்பமா சொல்லாதீங்க. சத்தியமா சொல்லுங்க."

சொன்னார். அதனால்தான் இப்போது ரொட்டியோடு நிறுத்திக்கொண்டார்.

"டீச்சர், நீங்களும் சீக்கிரமே வந்திருந்தீங்கல்ல? நீங்களே சொல்லுங்க" என்று கேப்டன் திரும்பினார். "அந்தச் சறுக்கல்ல விட்டா ஒரு ரொட்டி ஐஸை உடைக்குமா?"

டீச்சர் கரண்டியை எடுத்து வைத்தார். "ரொட்டி மட்டும் தனியா அவ்வளவு வேகம் பிடிக்காது."

குவான் வாயைத் திறந்தார். டீச்சர் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். குவான் வாயை மூடினார்.

"அண்ணன் வாய் மூடி இப்பத்தான்யா பாக்குறேன்" என்றான் லுவோ.

"இயற்பியலே கைவிட்டுருச்சு. கிளம்புங்க" என்றார் கேப்டன்.

குவான் துண்டையும் உடுப்பு மூட்டையையும் அள்ளிக்கொண்டு போய்க் கதவோரம் உட்கார்ந்தார். ஒரு நிமிஷத்தில் புருவம் வெளுத்தது. புலிக்கதை சொன்னபோது போகாத இடம் உண்மை சொன்னபோது போய்விட்டதே என்று யோசித்தார். யாரையும் குறை சொல்லத் தோன்றவில்லை. டீச்சரின் சிரிப்பை ஒருமுறை பார்த்தாயிற்று, போதும் என்றுகூட நினைக்கப் பார்த்தார். முடியவில்லை. ஏனென்றால் அதற்குள் லுவோ காலி இடத்தில் பொத்தென்று உட்கார்ந்து, டீச்சர் பக்கம் சாய்ந்து, தன் பித்தப்பை ஆபரேஷனை முதலிலிருந்து ஆரம்பித்துவிட்டான்.

"கல்லு எவ்வளவு பெருசுங்கிறீங்க டீச்சர்? காடை முட்டை. நல்ல கரும்பழுப்பு நிறம். பாட்டில்ல போட்டு வெச்சிருக்கேன். நாளைக்குக் கொண்டு வர்றேன்."

டீச்சர் பழப்பாகைப் பார்த்தார். பழப்பாகும் அதே நிறத்தில் இருந்தது. கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். குவான் கால்விரல்களை ஒவ்வொன்றாக ஊதிக்கொண்டிருந்தார்.

"லுவோ, எந்திரிங்க. அது அவர் இடம்."

"பொய்க்குத் தண்டனை டீச்சர்."

"பொய் இல்லை. அந்த ரொட்டிதான் உடைச்சது."

கேப்டன் தொத்திறைச்சியை வாயிலிருந்து எடுத்தார். "தனியா அவ்வளவு வேகம் பிடிக்காதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

"தனியாத்தான் பிடிக்காது" என்றார் நிங் டீச்சர், காது மடல் வரை சிவந்து. "மேல நான் உக்காந்திருந்தேன்."