நான்கை அழுத்தவும்

மருந்துக் கம்பெனிக்காரன் ஓட்டலில் இடம் பிடித்து, மாட்டுக்கறி வறுத்துப் போட்டு நோயாளிகளை விருந்துக்குக் கூப்பிடுகிறான் என்றால், அதில் ஏதோ உள்நோக்கம் இருக்கிறது என்று வெர்னா காச்மரெக்குக்குத் தெரியாமல் இல்லை. அமெரிக்காவின் டோலிடோ நகரில் இருபத்தாறு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் அவள். முதுகுக்குப் பின்னால் நடப்பதையெல்லாம் கண்ணாடியில் பார்த்தே பழகியவள். ஆனாலும் வந்திருந்தாள். அழைப்பிதழின் அடியில் 'உதவித் திட்டங்கள்' என்று ஒரு வரி இருந்தது. வீட்டில் ஒன்பது மாத்திரைதான் பாக்கி இருந்தது.

நரம்பின் மேலுறையை உடம்பே அரித்துத் தின்னும் வியாதி. போன வருடம் மூன்று வாரம் மாத்திரை தடைபட்டபோது வலது கண் அவிந்துபோனது. மறுபடி மாத்திரை கிடைத்த பிறகும் அதில் பாதிப் பார்வைதான் திரும்பியது. அப்புறம் பேருந்தை யார் கொடுப்பார்கள்? வேலை போய், அரசாங்கக் காப்பீட்டுக்கு மாறினாள். அரசாங்கக் காப்பீட்டுக்காரர்களுக்குக் மாத்திரை விலையைக் குறைக்கும் கம்பெனியின் சலுகை அட்டை செல்லாது என்று அன்றே கைகழுவிவிட்டார்கள். காசு உள்ளவனுக்குத் தள்ளுபடி, இல்லாதவனுக்கு முழு விலை. என்ன நியாயமோ!

"கறி பிரமாதமா இருக்கு வெர்னா," என்றான் கணவன் எட். "பேசாம தின்னுட்டுப் போயிடலாம். சண்டை கிண்டை வேணாம்."

"நீ தின்னு. நான் திங்கறதுக்கு வரல."

கம்பெனிப் பெண் கெண்ட்ரா எல்லாப் பல்லும் தெரியச் சிரித்தபடி, டாரியா என்ற நோயாளியை மேடைக்கு அழைத்தாள். ஊர் ஊராகப் போய் இந்த மாத்திரையின் மகிமையைப் பேசுவதுதான் டாரியாவின் வேலை. பட்டுக் கழுத்துத்துணியும் உதட்டுச் சாயமுமாக வந்து நின்று, வாழ்க்கை தனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது என்றாள். போன மே மாதம் மலை ஏறினாளாம்.

"டோலிடோவுல மலை எங்கடி இருக்கு?" என்று வெர்னா முணுமுணுத்தாள். கூலிக்கு மாரடிக்கிறவளைப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

கேள்விகளைச் சீட்டில் எழுதித் தரச் சொன்னார்கள். வெயிலில் போகலாமா, ஒயின் குடிக்கலாமா என்பதற்கெல்லாம் வாய் நிறையப் பதில் வந்தது. வெர்னாவின் சீட்டைப் பார்த்ததும் கெண்ட்ரா அதைக் கட்டுக்கு அடியில் செருகினாள். அரைப் பார்வையிலும் வெர்னாவுக்கு அது தெரிந்தது. கைத்தடியை ஊன்றி எழுந்தாள்.

"அடியில சொருகினீங்களே, அது என் சீட்டு. வாங்க வக்கில்லாதவ என்ன பண்ணணும்னு கேட்டிருந்தேன்."

"மேடம், செலவு விஷயம் இங்க பேச எங்களுக்கு அனுமதி இல்ல. கையேட்டுல கடைசிப் பக்கம் ஒரு இலவச நம்பர் இருக்கு பாருங்க. அருமையான ஆளுங்க."

"பதினாலு தடவை போட்டாச்சு. ஒரு ஆள்கூட அருமையாவும் வரல, கேவலமாவும் வரல." வெர்னா தன் போனை எடுத்தாள். "எட்டு மணி வரைக்கும் இருப்பாங்களாமே? இப்பவே கூப்பிடுறேன்."

எண்ணைப் போட்டு, ஒலியைக் கூட்டி, போனை உப்பு ஜாடி பக்கத்தில் வைத்தாள். பியானோ இசை கிளம்பியது. பக்கத்து மேசையில் டெல்பர்ட் என்ற கிழவர், கறியை மென்றுகொண்டே அந்த மெட்டை முனகினார். அவருக்குப் பின்னால் இருந்த தம்பதியும் முனகினார்கள். கொஞ்ச நேரத்தில் நாலைந்து மேசைகள் பிசகாமல் சேர்ந்து பாடின. மாதக்கணக்கில் காதில் வைத்துக் கேட்ட பாட்டு, எப்படி மறக்கும்?

"போனை வெளிய எடுத்துட்டுப் போய்ப் பேசலாமே மேடம்?" கெண்ட்ராவின் சிரிப்பு இறுகியது.

"கறி இங்கதானே இருக்கு."

இசை நின்றது. 'உங்கள் அழைப்பு எங்களுக்கு...' என்று பதிவுக் குரல் தொடங்கியது.

"மிகவும் முக்கியமானது," என்று குரலை முந்திக்கொண்டு முடித்தாள் டாரியா.

எல்லாரும் மேடையைப் பார்த்தார்கள். டாரியாவின் முகம் சிவந்தது. பிறகு விறுவிறுவென்று பேசினாள். "ஒண்ணை அமுக்காதீங்க, யாரும் எடுக்க மாட்டாங்க. நாலை அமுக்குங்க. கையில மாத்திரை இருக்குன்னு மட்டும் சொல்லிடாதீங்க, ஃபைலை அடியில போட்டுடுவாங்க. ஒண்ணுகூட இல்லன்னு சொன்னா அவசரத்துக்கு ஒரு மாசத்துக்கு அனுப்புவாங்க."

"டாரியா, உக்காருங்க," என்றாள் கெண்ட்ரா.

வெர்னா நான்கை அழுத்தினாள். ஒரு நிமிடத்தில் நிஜமான ஆள் ஒருவன் பேசினான். பெயர், பிறந்த தேதி எல்லாம் கேட்டுவிட்டு, "கையில எத்தனை மாத்திரை இருக்கு?" என்றான்.

"ஒண்ணுகூட இல்ல." எட் வாயில் கறியோடு அவளையே பார்த்தான்.

வியாழக்கிழமை வந்து சேரும் என்றான் அவன். "வேற ஏதாவது உதவி வேணுமா மேடம்?"

"வேணும். வெச்சிடாதே, இரு." போனை டெல்பர்ட்டிடம் நீட்டினாள்.

போன் மேசை மேசையாகப் போனது. எல்லாரும் ஒண்ணுகூட இல்லை என்றார்கள். கெண்ட்ரா தன் கையேடுகளைப் பெட்டியில் திணித்துக்கொண்டிருந்தாள். கடைசியில் போன் டாரியாவின் கைக்கு வந்தது. வெர்னா திருப்பி வாங்கக் கை நீட்டினாள். டாரியா கொடுக்கவில்லை. தன் பெயரையும் பிறந்த தேதியையும் அதில் சொன்னாள்.

"நீங்க எதுக்கு?" என்றாள் கெண்ட்ரா.

"பேசினா சம்பளம் தருவீங்க. மாத்திரையைச் சும்மா கேட்டா, பேசறதுக்குக் குடுக்கற லஞ்சமாயிடும்னு சொல்லிட்டீங்களே."

"கையில எத்தனை மாத்திரை இருக்கு மேடம்?" என்று கேட்டது போன்.

"ஒண்ணுகூட இல்ல. அஞ்சு வாரமாச்சு."

பொய் சொல்லும் பிள்ளைகளை இருபத்தாறு வருடம் கண்ணாடியில் பார்த்தவள் வெர்னா. இது பொய் இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. டாரியாவின் இடது கால் மேடையிலிருந்த மேசைக்குப் பின்னால் நடுங்கிக்கொண்டிருந்தது. வெர்னா தன் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் அவளுக்குப் போட்டாள்.